லாரி வராத ஞாயிறு

கரைமேட்டு நகர் சமுதாயக் கூடத்துக்கு அன்று வந்தவர்கள் திட்டத்தைக் கேட்க வரவில்லை, திட்டத்தான் வந்தார்கள். லாவண்யா அதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். மாநகராட்சியின் திடக்கழிவுப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து திட்டு வாங்குவதும் அவள் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

சுவரில் அவள் ஒட்டியிருந்த வரைபடத்தில் நகரம் நடுவில் பெரிதாகக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு நகராட்சி, இரண்டு பேரூராட்சிகள், சில ஊராட்சிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்புக்குறி கிளம்பி, எல்லாம் ஒரே புள்ளியில் வந்து முட்டின. அந்தப் புள்ளி கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே தெரிந்தது. குப்பைமேடு. அதன் மேல் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

சின்ன ஊர்களுக்கெல்லாம் குப்பை கொட்ட இடம் இல்லை. நகரத்திடம் இடம் இருந்தது. அதனால் சில வருடங்களாகவே அவர்களுடைய வண்டிகளும் இங்கேதான் வந்தன. இப்போது இந்த வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து, வரப்போகும் இருபது வருடங்களுக்கு ஒரே திட்டமாக நகரமே எழுதித் தரவேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. எழுதுகிற கை லாவண்யாவுடையது.

"இருபது வருசமா? உங்க ஊட்டாண்ட கொட்டிக்கோ மேடம்," என்றார் முன்வரிசையில் ஒருவர். "நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்றது இன்னொரு குரல். அவள் தெரிந்த பதில்களையெல்லாம் சொன்னாள். அவளுக்கே அவை போதவில்லை என்று தெரிந்தது. கூட்டம் கலைந்ததும் உடன் வந்த அதிகாரிகள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். ஸ்கூட்டரில் வந்திருந்த லாவண்யா மட்டும் நின்று வரைபடத்தைப் பிரித்தெடுத்தாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண்மணி இன்னும் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மடியில் ஒரு கைப்பை. லாவண்யா தனியாக வரைபடத்தைச் சுருட்டத் திணறுவதைப் பார்த்து எழுந்துவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சண்டைக்கு வரல மேடம். எம் பேரு ஷரீஃபுன்னிசா. குப்பமேட்டு கேட்டுக்கு எதுர்ல மூணாவது ஊடு."

"சொல்லுங்கம்மா."

"வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு. அந்த ஒரு நாளு மட்டும் லாரி வராம பண்ண முடியுமா?"

லாவண்யா சுருட்டுவதை நிறுத்தினாள். "ஏம்மா, என்ன விசேஷம்?"

"எம் பொண்ணைப் பாக்க வராங்கோ."

அதற்கு முன்னும் இரண்டு வரன்கள் வந்து போயிருந்ததை அந்த அம்மாள் எந்தக் குறையும் படாமல் சொன்னார். முதலில் வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றனவாம். ஒரு லாரியிலிருந்து வடிந்த தண்ணீர் மாப்பிள்ளையின் சித்தப்பா செருப்பில் சொட்டியதாம். வைத்த சர்பத்தை ஒருவரும் தொடவில்லை. இரண்டாவது வரன் வீட்டுக்குள்ளேயே வரவில்லை.

"அட்ரஸ் கெடைக்கலன்னு போன்ல சொன்னாங்கோ. அவங்க காரு எங்க ஊட்டாண்ட நின்னத நானே ஜன்னல்லேர்ந்து பாத்தேன். கண்ணாடி எறங்கிச்சு. ஏறிச்சு. போயிட்டாங்கோ."

"அம்மா, இது எங்க ஊர் வண்டி மட்டும் இல்ல. சுத்துப்பட்டு அத்தனை ஊர் வண்டியும் வருது. ஒரு நாள் நிறுத்தினா அந்தக் குப்பை எங்க போகும்? முடியாதும்மா."

"சரி மேடம். கேட்டுப் பாக்கலாம்னு தோணிச்சு," என்றார் அவர். முகம் வாடவில்லை. முடியாது என்பதைப் பலமுறை கேட்டுப் பழகிய முகம். சுருட்டிய வரைபடத்துக்கு ரப்பர் பேண்டு மாட்டி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த முகம் லாவண்யாவோடு வீடு வரைக்கும் வந்தது. அவள் கணவன் ஸ்ரீராமுக்குப் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. வேப்பமரங்கள் அடர்ந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர்கள் சமையல் என்பது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் குளித்துவிட்டு வந்து அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்று முடித்தாள்.

"யார் யாரைக் கேட்ட?"

"யாரையும் கேக்கல."

அவன் தோசையைத் திருப்பிப் போட்டான். பதில் சொல்லாமலே பதில் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு நான்கு தோசை சாப்பிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் போனைக் கையில் எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஊர்களுக்கெல்லாம் அவள் எத்தனையோ கடிதம் அனுப்பியிருக்கிறாள். இத்தனை டன் வந்தது, இத்தனை டன் கூடுதல், வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி அனுப்பவும். ஒருமுறைகூட யாரிடமும் ஓர் உதவி கேட்டதில்லை.

முதல் பேரூராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "சார், கேட்டுக்கு எதிர்ல ஒரு வீட்டுல பொண்ணு பாக்க வராங்க. அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க குப்பையை உங்க ஊர்லயே வெச்சுக்க முடியுமா?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "எங்ககிட்ட உரக்கூடம் ஒண்ணு கட்டிப் பூட்டியே கெடக்கு மேடம். தொறந்து பாத்தே ரொம்ப நாளாச்சு. உள்ள பாம்பு கீம்பு இல்லாம இருந்தா, மக்குற குப்பையை அதுல போட்டுக்கலாம். மிச்சத்தை மறுநா அனுப்பறோம்." போனை வைக்கும் முன் கேட்டார்: "பொண்ணு என்ன வேலை பாக்குது?"

லாவண்யாவுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஊராட்சித் தலைவர் ஞானம்மாளுக்கு யோசிக்கவே நேரம் ஆகவில்லை. "எங்க ஊர்ல சேர்றதே ஒரு டிராக்டர் குப்பை. அதுல பாதி வாழமட்டையும் எலையும். தென்னந்தோப்புல குழி வெட்டிப் போட்டா ஆச்சு. இதுக்குப் போயி தயங்கித் தயங்கிக் கேக்குறியேம்மா." பிறகு அவரும் விசாரித்தார். "பொண்ணுக்கு எத்தினி வயசு? மாப்ள சொந்தமா, அசலா?"

நகராட்சி எழுத்தில் கேட்டது, எழுதி அனுப்பினாள். இன்னொரு பேரூராட்சியில், பார்க்கலாம் என்றார்கள். மற்ற ஊராட்சிகள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டன. ஒருவருக்குக்கூடக் கரைமேட்டு நகரில் மனிதர்கள் குடியிருப்பது அதுவரை நினைவிலேயே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு எடைமேடையும் ஒரு கேட்டும்தான்.

எல்லோரையும்விடக் கஷ்டமான ஆள் அவள் அலுவலகத்திலேயே இருந்தார். மேட்டில் வந்து கொட்டுகிற வண்டிகளில் பெரும்பாலானவை மாநகராட்சியின் சொந்த வண்டிகள்தான். அவற்றை நிறுத்த செயற்பொறியாளர் மனோகரன் கையெழுத்துப் போட வேண்டும். அதிகம் பேசாதவர். அவள் சொல்லி முடிக்கும்வரை மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வீட்டுல பொண்ணு பாக்க வர்றதுக்கு, ஒரு மாநகராட்சி குப்பை எடுக்காம இருக்கணும்."

"எடுப்போம் சார். ஞாயித்துக்கிழமை மக்குற குப்பையை மட்டும் எடுத்து வார்டு உரக்கூடங்கள்லயே வெச்சுக்குவோம். மக்காததைத் திங்கக்கிழமை எடுக்கறோம்னு வெள்ளிக்கிழமையே தெருத்தெருவா சொல்லிடலாம்."

"ஃபைல்ல என்னன்னு எழுதுவ?"

"முன்னோட்டம்னு எழுதறேன் சார். அது பொய்யும் இல்ல. திட்டத்துல இதை ஒரு வழியா வெச்சுப் பாக்கலாம்னு எனக்கே நேத்துலேருந்து தோணுது."

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபைலைத் தள்ளினார். அவள் கதவருகே போனபோது பின்னாலிருந்து கேட்டார். "மாப்பிள்ளை வீடு எந்த ஊரும்மா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லாவண்யா ஸ்கூட்டரில் கேட்டுக்கு வந்தபோது தெருவே வேறு மாதிரி இருந்தது. எடைமேடை காலியாகக் கிடந்தது. லாரிக்காகக் காத்திருந்து பழகிய நாய்கள், என்ன ஆயிற்று என்று புரியாமல் கேட்டுக்கும் முச்சந்திக்கும் நடந்துகொண்டிருந்தன. தார் ரோடு உலர்ந்திருந்தது. யாரோ வாசல் தெளித்திருந்தார்கள்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் முச்சந்தியில் டிராக்டர் சத்தம் கேட்டது. லாவண்யா ஓடினாள். பார்க்கலாம் என்று சொன்ன பேரூராட்சியின் வண்டி. முழுச் சுமை.

"அண்ணே, இன்னிக்கு வண்டி இல்லன்னு சொல்லலையா?"

"யாரும் சொல்லலியே மேடம். நேத்துலேர்ந்து லோடு ஏத்திகினு கீறேன். இப்ப இன்னா, திரும்பி எட்த்துகினு போவ சொல்றியா?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். அந்தப் பச்சை கேட் போட்ட வீட்டுல பொண்ணு பாக்க வராங்க."

டிரைவர் அந்த வீட்டைப் பார்த்தார். தன் சுமையைத் திரும்பிப் பார்த்தார். "இத மின்னியே சொல்லக் கூடாதா?" என்றபடி இறங்கினார். தார்ப்பாயை இழுத்து நான்கு மூலையிலும் கட்டினார். வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்த்தான் திருப்ப வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. தெருமுனை வரைக்கும் கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

அதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஷரீஃபுன்னிசா வெளியே வந்து லாவண்யாவின் கையைப் பிடித்தார். "உள்ள வாங்கோ மேடம்."

"வேணாம்மா. டிராக்டர் பக்கத்துல நின்னு என்மேலயே நாத்தம் அடிக்குது."

"எங்க ஊட்டுல அத யாரு கண்டுபுடிக்கப் போறாங்கோ?" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்து லாவண்யா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

உள்ளே சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. வீட்டுக்காரர் நஜீர் புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்; பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். மகள் அலீனா சமையலறை வாசலில் நின்று லாவண்யாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்பத்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சுகாதார ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும் என்று லாவண்யா மனதில் குறித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பூந்தமல்லி பைபாஸைத் தாண்டி ஒரு பேரூராட்சியில் அவர்கள் வீடு. பையன் ஜுல்ஃபிகர் ஏ.சி. பழுதுபார்க்கிறவன். வேலைக்குப் பழகிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தான். அவனுடைய அம்மா ஃபஸீலா, அப்பா, ஒரு அக்கா. லாவண்யாவை, "நம்ம ஊட்டுக்கு வேண்டியவங்கோ," என்று ஷரீஃபுன்னிசா அறிமுகப்படுத்தினார். பேச்சு நன்றாகத்தான் போனது. கடை, வேலை, யார் யாருக்கு என்ன உறவு.

அப்போது காற்று திசை மாறியது.

லாரியை நிறுத்தலாம். வருடக்கணக்கில் மலையாகக் குவிந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யும்? ஜன்னல் திரையைத் தள்ளிக்கொண்டு அந்த வாடை கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஃபஸீலா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். பாதியில் நினைத்துக்கொண்டு கீழே விட்டார். ஷரீஃபுன்னிசா அவசரமாகச் சாம்பிராணித் தட்டை எடுத்து விசிறினார். இந்த மேட்டுக்கு இன்னும் இருபது வருடம் எழுதிக்கொண்டிருப்பவள் தான்தான் என்று லாவண்யா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார்ந்திருப்பது சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அலீனா சர்பத் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தாள். தலைகுனிந்து திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"மாமி, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு லாரி வரல. இந்த மேடம்தான் நிறுத்தி வெச்சிருக்காங்கோ. மத்த நாள்ல வாசல்ல வரிசையா நிக்கும். நாத்தம் இதவிட ஜாஸ்தி. நாளைக்கி அம்மாவைப் பாக்க நான் வரும்போது நீங்களும் வருவீங்கோ. அப்ப எங்கள ஏமாத்திட்டாங்கன்னு உங்களுக்குத் தோணக் கூடாது."

"அலீனா," என்றார் நஜீர் மெதுவாக. ஷரீஃபுன்னிசா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஃபஸீலா அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். "பழகிடிச்சாம்மா உனுக்கு?"

"இல்ல மாமி. பழகல."

ஃபஸீலா லாவண்யா பக்கம் திரும்பினார். "இங்க எந்தெந்த ஊரு குப்ப வருது மேடம்?"

லாவண்யா ஊர்களைச் சொன்னாள். கடைசி ஊரைச் சொல்லுமுன் தயங்கினாள். "உங்க ஊரும்தாம்மா."

வெளியே ஒரு நாய் குரைத்தது.

"காலைல விசில் ஊதிகினு வண்டி வரும்," என்றார் ஃபஸீலா. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "பக்கெட்டைக் கவுத்துட்டு உள்ள போயிடுவேன். அது எங்க போவுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல." பிறகு கையை நீட்டி ஒரு கிளாஸை எடுத்து, நிறுத்தாமல் பாதி குடித்தார். "சக்கர அளவாக் கீது. நல்லாக்கீது."

ஜுல்ஃபிகர் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அப்ப எங்க ஊட்டுக் குப்ப இன்னிக்கு எங்க கீது?"

"டிராக்டர்ல," என்றாள் லாவண்யா. "சித்த முன்னாடிதான் திருப்பி அனுப்பினேன். நீங்க வரும்போது எதிர்ல பாத்திருப்பீங்க."

அலீனா முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அதற்கப்புறம் அந்தப் பையனும்.

சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். கார் முச்சந்தியைத் தாண்டியதும் ஷரீஃபுன்னிசா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணுக்கு வாய மூடத் தெரியாது மேடம். நீங்க இவ்ளோ பாடுபட்டுப் பண்ணத ஒரு நிமிசத்துல ஒடச்சிட்டா." லாவண்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இருவரும் உலர்ந்த தெருவைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள்.

திங்கட்கிழமை லாரிகள் வந்தன. விட்ட நாளுக்கும் சேர்த்து வரிசை நீண்டிருந்தது. லாவண்யா ஒவ்வோர் ஊராகப் போய் ஞாயிறு எப்படிப் போனது என்று பார்த்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. நகராட்சி, குப்பையை ஒரு மைதானத்து ஓரத்தில் நிறுத்தி வைத்து அக்கம்பக்கத்தாரிடம் வசவு வாங்கியிருந்தது. மாநகராட்சியின் இரண்டு உரக்கூடங்கள் நிரம்பி வழிந்தன. ஆனால் பூட்டிக் கிடந்த உரக்கூடத்தில் பாம்பு இல்லை; தொட்டிகள் நன்றாகவே இருந்தன. தூய்மைப் பணியாளர்கள் அன்றும் அதிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஞானம்மாள் அவளைத் தோப்புக்கே கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார். "இனிமே மக்குறது ஒண்ணுகூட உன் ஊருக்கு வராதும்மா. என் தென்னைக்கே பத்தல. பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துக்கோ." அப்புறம், "அந்தப் பொண்ணு விசயம் என்னாச்சு?" என்றார்.

அது என்னாயிற்று என்று அந்த வாரம் முடிவதற்குள் தெரிந்தது. ஷரீஃபுன்னிசா போன் போட்டார். அலீனாதான் வாங்கிப் பேசினாள். "சரின்னு சொல்லிட்டாங்கோ மேடம். உண்மை பேசுற பொண்ணு ஊட்டுக்கு வேணும்னு மாமி சொன்னாங்களாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவரு வேற மாதிரி சொன்னாரு. அத உங்களாண்ட சொல்ல மாட்டேன்."

லாவண்யா வரைபடத்தை மறுபடி வரைந்தாள். அம்புக்குறிகளை எடுத்துவிடவில்லை, மெலிதாக்கினாள். மாவட்டக் கூட்டத்தில் அதை விரித்தாள். நகரம் இடம் கொடுத்தால் மட்டும் போதாது என்றாள். மக்குகிறதை அந்தந்த ஊரே வைத்துக்கொள்ள நகரம் இயந்திரமும் ஆளும் கொடுத்து உதவ வேண்டும். மக்காதது மட்டும் இங்கே வரட்டும். பழைய மேட்டைக் கிளறிப் பிரித்துக் கரைக்கிற வேலை நிற்காமல் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டலாம். நகராட்சிக்காரர் எதிர்த்துப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எதற்கும் வாய் திறக்காத மனோகரன் எழுந்து, "ஒரு ஞாயிறு செஞ்சு பாத்தோம். முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முழுதாகக் கிடைக்கவில்லை. ஊர் ஊராக, படிப்படியாக என்று எழுதிக்கொண்டார்கள். நகராட்சிக்கு அவகாசம் கொடுத்தார்கள். ஞாயிறு விடுமுறையை மட்டும் ஒரு வருடம் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

அந்த ஏற்பாடு தொடங்கிய முதல் ஞாயிறு, லாவண்யா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஷரீஃபுன்னிசா.

"என்னம்மா, ஏதாவது வண்டி வந்துடுச்சா?" என்று பதறினாள்.

"இல்ல மேடம். ஒண்ணுமில்ல. சும்மாதான் போட்டேன்." அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. "மொட்ட மாடில நிக்கிறேன். மொளகா காய வெச்சிருக்கேன். இந்த ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து மாடில ஒண்ணு காய வெச்சதில்ல. ஒரே ஈயா மொய்க்கும். இன்னிக்கு கம்மியாத்தான் கீது."

"எவ்வளவு காய வெச்சிருக்கீங்க?"

"நெறயவே வெச்சிட்டேன். கல்யாணத்துக்கு அரைக்கணுமே. உங்களுக்கும் தர்றேன். நல்ல காரம், பாத்துப் போடணும்."

எண்ணெய்க் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு லாவண்யா, எந்தச் சந்தையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள் சொல்லத் தொடங்கினார்.